ஃபுளோரன்ஸில் நான்கு நாள்: எங்கிருந்து தொடங்குவது?

கல்லூரி நாளிலிருந்தே இத்தாலியின் ஃபுளோரன்ஸ் போக வேண்டும் என்று ஆசை, இப்போதுதான் நான்கு நாள் வாய்த்திருக்கிறது, ஓவியமும் கட்டடமும் பிடிக்கும் ஆனால் முறையாகப் படித்ததில்லை, எங்கே தொடங்கி எதை விடுவது, இத்தனை வருடம் கனவு கண்டுவிட்டு நேரில் பார்த்தால் சப்பென்று ஆகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் மாலை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். நீங்கள் படத்தில் பார்த்த ஊர் குன்றின் மேலிருந்து எடுத்தது: சிவப்பு ஓட்டுக்கூரைகள், நடுவே பெரிய குவிமாடம், ஓரமாக ஆர்னோ ஆறு. நீங்கள் நடக்கப்போவதோ குறுகலான, வெயில் எட்டாத தெருக்களில். மாளிகை என்று பெயர் போட்டிருக்கும் கட்டடங்கள் எல்லாம் கொத்தாத கல், கம்பி போட்ட சன்னல் என்று முறைத்துக்கொண்டு நிற்கும். மெடிச்சி குடும்பம் 1444இல் கட்டத் தொடங்கிய வீடும் அப்படித்தான். அழகெல்லாம் உள்முற்றத்தில். வட்டித் தொழில் செய்து பணக்காரர்களானவர்கள், எதிரிகளும் உண்டு. 1478இல் பேராலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வீட்டுப் பிள்ளை ஜூலியானோவைக் குத்திக் கொன்றார்கள். தெருப்பக்கம் சுவர் அவ்வளவு தடிமனாக இருந்ததில் வியப்பில்லை.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வெளியே நிற்பதில் நிறைய நகல்கள். சிக்னோரியா சதுக்கத்தில் நிற்கும் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை, 1910இல் வைத்த பிரதி. அசல் 1873இலேயே அகாடெமியா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பேராலயத்துக்கு எதிரே ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டிய திருமுழுக்கு மண்டபத்தின் தங்கக் கதவும் பிரதிதான். பேராலயத்தின் பச்சை, வெள்ளை, ரோஜாநிறப் பளிங்கு முகப்பைப் பார்த்து "அந்தக் காலத்திலேயே என்ன வேலைப்பாடு!" என்று வாய் பிளப்பார்கள். அது 1887இல் முடிந்த வேலை. ஆலயத்தின் உள்ளே போனால் இன்னும் ஆச்சரியம், ஏறக்குறைய வெறிச்சென்று இருக்கும். உள்ளே இருந்த நல்ல சிற்பங்களில் பல பின்பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இது தெரியாமல் வரிசையில் நின்று உள்ளே போய்விட்டு, இவ்வளவுதானா என்று திரும்புகிறவர்கள் ஏராளம்.

சரி, எங்கே தொடங்குவது? வழக்கமான பதில் உஃபிசி ஓவிய அருங்காட்சியகம், அப்புறம் தாவீது. நான் சொல்வது பார்ஜெல்லோ. பழைய சிறைச்சாலைக் கட்டடம், இப்போது சிற்ப அருங்காட்சியகம். அங்கே மாடியில் பெரிய கூடத்தில், கையால் தூக்கிவிடலாம் போன்ற அளவில் இரண்டு வெண்கலப் பலகைகள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். அவற்றின் முன்னால் அரைமணி நேரம் நில்லுங்கள். மீதி நான்கு நாளும் அதிலிருந்து தானாக விரியும்.

விஷயம் இதுதான். 1401இல் துணி வணிகர் சங்கம் திருமுழுக்கு மண்டபத்துக்குப் புதுக் கதவு செய்ய ஒரு போட்டி வைத்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியைச் செய்து காட்ட வேண்டும். இறுதியில் நின்றவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் இருபதுகளில்தான் வயது: லொரென்சோ கிபெர்த்தி, ஃபிலிப்போ புருனலெஸ்கி. புருனலெஸ்கியின் பலகையில் ஆபிரகாம் பையனின் தாடையைப் பிடித்துத் திருகி, கத்தியைக் கழுத்தில் வைத்தேவிட்டார். தேவதூதர் பாய்ந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கிறார். கீழே ஒரு வேலைக்காரன் எதையும் கவனிக்காமல் தன் காலில் குத்திய முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கிபெர்த்தியின் பலகையில் கத்தி இன்னும் காற்றில் இருக்கிறது. ஈசாக்கின் உடம்பு பழைய ரோமானியச் சிலையின் உடம்பு; எல்லாம் நெளிந்து ஓடுகிறது, எதுவும் மோதவில்லை. ஏறக்குறைய முழுவதும் ஒரே வார்ப்பாக ஊற்றியது. புருனலெஸ்கியுடையதைவிட வெண்கலமும் சுமார் 7 கிலோ குறைவு. வணிகர்கள் அல்லவா, அதையும் கணக்குப் பார்த்திருப்பார்கள். கிபெர்த்தி ஜெயித்தார்.

என்னைக் கேட்டால், நாடகம் புருனலெஸ்கியிடம், கைத்திறன் கிபெர்த்தியிடம். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள் என்று நின்று முடிவு செய்யுங்கள். வழிகாட்டிப் பலகையை அப்புறம் படிக்கலாம். அதே கூடத்தில் டொனாட்டெல்லோவின் வெண்கலத் தாவீது இருக்கிறது, தொப்பியும் பூட்ஸும் மட்டும் போட்ட பையன். மைக்கலாஞ்சலோவின் தாவீதைப் பார்க்கும் முன் இவனைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜெயித்தவர் என்ன ஆனார், தோற்றவர் என்ன ஆனார் என்ற கதைதான் ஊரின் நடுப்பகுதி முழுக்க நிற்கிறது. கிபெர்த்தி முதல் கதவை முடிக்க 1424 ஆயிற்று. அடுத்து இன்னொரு கதவு, 1425 முதல் 1452 வரை. வாழ்நாளே இரண்டு கதவுகளில் போயிற்று. அந்த இரண்டாம் கதவைத்தான் சொர்க்கவாசல் என்கிறார்கள். 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ கரை உடைத்து வந்தபோது அதன் பலகைகள் சில பெயர்ந்து விழுந்தன. அசல், பேராலய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பத்துப் பலகைகள், முன்னால் இருக்கும் மனிதர்கள் முழுச் சிலையாகத் துருத்திக்கொண்டு வருவார்கள், பின்னால் இருப்பவர்கள் உலோகத்தில் கீறிய கோடு அளவுக்கே இருப்பார்கள். வெளியே பிரதிக்கு முன்னால் கைபேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டத்தில் இதைப் பார்க்க முடியாது. அருங்காட்சியகத்தில் பல நேரம் ஆளே இருக்காது.

அங்கே இருக்கும்போது மேலும் மூன்று. டொனாட்டெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனா மரியாள், வயதாகி, பல் போய், தலைமுடியே ஆடையாகத் தொங்க நிற்கிறாள். மைக்கலாஞ்சலோ தன் கல்லறைக்கென்று தொடங்கி, கோபத்தில் தானே சுத்தியலால் உடைத்த பியெத்தா, அதாவது இறந்த இயேசுவைத் தாங்கி நிற்பவர்களின் சிற்பம். இயேசுவைத் தாங்கும் முதியவருக்குத் தன் முகத்தையே கொடுத்திருக்கிறார். மூன்றாவது, புருனலெஸ்கி இறந்தபோது எடுத்த முக அச்சு. கீழே போட்டியில் தோற்றவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அண்ணாந்தால் அவர் கட்டிய குவிமாடம்.

அந்தக் குவிமாடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏறும்போது எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அது வெறும் 463 படிதான். பேராலயம் 1296இல் தொடங்கியது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரெல்லாம் எழும்பி, நடுவில் 40 மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் எண்கோண ஓட்டை, தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேல் உயரத்தில், வானம் பார்த்துக் கிடந்தது. எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கப்படி கீழிருந்து மரச்சாரம் கட்டி, வளைவுக்கு அச்சு போட்டு, மேலே கல் அடுக்க வேண்டும். அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் மரத்துக்கு எங்கே போவது? அச்சே இல்லாமல் கட்டுகிறேன் என்றார் புருனலெஸ்கி. 1420இல் வேலை தொடங்கியது. கூட மேற்பார்வைக்கு யாரைப் போட்டார்கள் தெரியுமா? கிபெர்த்தியைத்தான்.

வட்டக் குவிமாடம் என்றால் ஒவ்வொரு வளையமும் முடிந்தவுடன் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். எண்கோணத்துக்கு அந்த வசதி இல்லை, மூலைகளில் உடையும். அவர் உள்ளோடு, வெளியோடு என்று இரண்டு ஓடுகளாகக் கட்டினார். உள்ளோடு 2 மீட்டருக்கும் மேல் தடிமன். அந்தத் தடிமனுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்ட வளையம் அடங்கும். சுற்றிலும் கல்லாலும் மரத்தாலும் சங்கிலி போட்டு இறுக்கினார். மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும் வரிசையில் ஈரக் காரையில் வைத்த செங்கல் வழுக்கி விழ வேண்டுமே? அதற்காக இடையிடையே செங்கல்லை நெட்டாக நிறுத்தி, மீன்முள் வடிவில் அடுக்கினார். நெட்டுக்கல் இரண்டுக்கு நடுவே படுத்த கல், காரை இறுகும்வரை மாட்டிக்கொண்டு நிற்கும். ஏறும் வழி இந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவேதான். குறுகலான, சாய்ந்த சுவருடைய நடை. அங்கே சுவரை உற்றுப் பாருங்கள், மீன்முள் அடுக்கு வெறும் செங்கல்லாகக் கண்முன்னால் இருக்கும். மூச்சு வாங்குகிறதென்று நிற்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 40 லட்சம் செங்கல்லுக்கு மேல் ஆனது என்கிறார்கள். எல்லாவற்றையும் மேலே ஏற்ற மாடு சுற்றும் பாரந்தூக்கி ஒன்றையும் அவரே செய்தார். மாட்டைத் திருப்பிக் கட்டாமல் பல்சக்கரத்தை மாற்றியே ஏற்றவும் இறக்கவும் முடியும். 1436இல் குவிமாடம் மூடியது.

வழியில் உள்பக்கத்து மாடத்துக்கு வருவீர்கள். வசாரியும் சுக்கரியும் வரைந்த கடைசித் தீர்ப்பு ஓவியம் தலைக்கு மேலே. கீழிருந்து பொடிசாகத் தெரிந்த பிசாசுகள் இங்கே ஆளைவிடப் பெரியவை. நல்ல ஓவியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அளவு மிரட்டும். லிஃப்ட் இல்லை. முழங்கால் வலியோ, அடைபட்ட இடத்தில் பயமோ இருந்தால் ஏற வேண்டாம். பக்கத்து மணிக்கூண்டுக்கும் 414 படி, அதனால் அது மாற்று ஆகாது.

குவிமாடத்துக்கு நாளும் நேரமும் குறித்து முன்பதிவு கட்டாயம், சீக்கிரமே தீர்ந்துவிடும். பயணத் தேதி முடிவானதும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். புருனலெஸ்கி பாஸ் என்ற சீட்டை எடுத்தால் குவிமாடம், மணிக்கூண்டு, திருமுழுக்கு மண்டபம், அருங்காட்சியகம் எல்லாம் அதில் அடங்கும், 3 நாள் செல்லும். ஆலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. திருமுழுக்கு மண்டபத்தின் கூரை மொசைக்கைச் சீர்செய்யும் வேலை 2023இல் தொடங்கியது, பல வருட வேலை. உள்ளே சாரம் கட்டியிருந்தால் திகைக்காதீர்கள். எந்தச் சீட்டையும் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர்கள் அதே சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், தேடினால் அவர்கள் பக்கம்தான் முதலில் வரும்.

இரண்டாம் நாள், தோற்றவரின் பின்னாலேயே போங்கள். சாந்தீசிமா அன்னுன்சியாத்தா சதுக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லம். 1419இல் பட்டு வணிகர் சங்கத்துக்காக புருனலெஸ்கி தொடங்கியது. முன் தாழ்வாரத்தில் தூண் உயரம் எவ்வளவோ அவ்வளவே தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி, அவ்வளவே தாழ்வாரத்தின் ஆழம். தூண்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பகுதியும் ஒரு கனசதுரம். சாம்பல் கல், வெள்ளைச் சுண்ணாம்பு, வேறு அலங்காரம் கிடையாது. இருண்ட தெருவிலிருந்து அந்தச் சதுக்கத்துக்குள் வந்ததும் மூச்சு இலகுவாவது ஏன் என்று அளவு தெரிந்தால் புரியும். வளைவுகளுக்கு நடுவே நீல வட்டங்களில் துணி சுற்றிய குழந்தைகள், 1487இல் அந்திரேயா தெல்லா ரோபியா செய்தவை. உள்ளே அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். குழந்தையை விட்டுப்போன தாய்மார் அடையாளத்துக்காக உடன் வைத்த பொருட்கள்: உடைத்த பதக்கத்தின் பாதி, மணி, துணித்துண்டு. மறுபாதியோடு என்றாவது வந்து பிள்ளையை மீட்கலாம் என்ற எண்ணம். இந்த ஊரின் எந்தக் கலைப்பொருளுக்கு முன்னாலும் நிற்காத அளவு நேரம் அங்கே நிற்க நேரலாம்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சான் மார்க்கோ மடாலயம். கட்டடத்தை மிக்கலொட்சோ திருத்திக் கட்ட, துறவிகளின் அறைச் சுவர்களில் ஃப்ரா ஆஞ்சலிகோவும் உதவியாளர்களும் வரைந்தார்கள். அறைக்கு ஒரு ஓவியம், ஒரு சின்ன சன்னல். மாடிப்படி திரும்பும் இடத்தில் தலை நிமிர்ந்தால் எதிரே மங்களவார்த்தை ஓவியம், இயேசு பிறக்கப்போவதை மரியாளிடம் தேவதூதர் சொல்லும் காட்சி. ஒரு மாடிவீட்டுத் தாழ்வாரம், மர முக்காலி, ஒரு பெண், ஒரு தேவதூதர், அவ்வளவே. இது அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து மாட்டிய ஓவியம் இல்லை. அந்தப் படியில் ஏறி வரும் ஆளுக்காகவே அந்த இடத்தில் வரைந்தது. நான்கு நாளில் ஒரே ஒரு இடம்தான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், தாவீதை அல்ல. திறந்திருக்கும் நேரம் குறைவு, அதனால் காலையிலேயே போங்கள்.

தாவீது அகாடெமியாவில், அதே வட்டாரம். 5.17 மீட்டர். வேறு சிற்பிகள் கைவைத்துப் பல பத்தாண்டுகளாகக் கிடந்த பளிங்கில் மைக்கலாஞ்சலோ 1501இல் தொடங்கி 1504இல் முடித்தார். பேராலயத்தின் கூரையோரத்தில் வைக்கச் செய்தது. எங்கே வைப்பது என்று முடிவு செய்யக் கூடிய குழுவில் லியனார்டோவும் போட்டிச்செல்லியும் இருந்தார்கள். கூட்டம் தாவீதை நோக்கி ஓடும். நீங்கள் அதற்கு முன்னால் இருபுறமும் நிற்கும் முடிக்காத அடிமைச் சிலைகளிடம் நில்லுங்கள். உளித்தடம் அப்படியே இருக்கிறது. கல்லை முன்பக்கத்திலிருந்து உரித்துக்கொண்டே உள்ளே போகும் அவருடைய முறை அங்கே பச்சையாகத் தெரியும்.

மூன்றாம் நாளுக்கு ஓவியர் மசாச்சோ. புருனலெஸ்கி பேராலய வாசலில் நின்று, ஓவியப் பலகையில் துளையிட்டு, கண்ணாடியைப் பிடித்து, எதிரே இருந்த திருமுழுக்கு மண்டபத்தைத் தூரம் தெரிய வரைந்து காட்டினார் என்கிறது அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு. அந்தக் கணக்கைச் சுவரில் ஏற்றியவர் மசாச்சோ. ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்தில், இடப்பக்கச் சுவரில், அவருடைய திரித்துவம் என்ற சுவரோவியம். சுமார் 1427. சிலுவையின் அடி, நிற்கிற ஆளின் கண்மட்டத்தில் இருக்கும். அதற்கு நேராகச் சில அடி தள்ளி நின்றால் தட்டைச் சுவருக்குள் ஒரு அறை திறக்கும். இரண்டடி நகர்ந்தால் மூடிக்கொள்ளும். கீழே ஒரு எலும்புக்கூடு, நானும் ஒருகாலத்தில் உன்னைப் போல் இருந்தவன்தான் என்று எழுதியிருக்கும். இதை மறைத்து முன்னால் ஒரு கல் பலிபீடத்தை எழுப்பியவர் வசாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மறுபடி வெளியே வந்தது. ஆற்றைக் கடந்து பிரான்காச்சி சிற்றாலயத்தில் இதே மசாச்சோவின் ஏவாள், தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வாய்விட்டு அலறுகிறாள். இருபத்தேழு வயதுக்குள் இறந்துபோன ஆள் இவர்.

போகிற வழியில் போன்டே வெக்கியோ பாலம். அதன்மேல் நகைக்கடைகளும் கூட்டமும்தான். பார்க்க நல்ல இடம் அடுத்த பாலமான சாந்தா த்ரினிதா. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை போன்டே வெக்கியோவைத் தவிர எல்லாப் பாலத்தையும் தகர்த்தது. ஆற்றிலிருந்து பழைய கற்களை எடுத்துத் திரும்பக் கட்டிய பாலம் இது. பக்கத்தில் அதே பெயருள்ள ஆலயத்தில் கிர்லாந்தாயோ வரைந்த சாசெத்தி சிற்றாலயம் இருக்கிறது. நுழைவுக்கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. விளக்குக்குப் பெட்டியில் காசு போட வேண்டும், அதனால் சில்லறை கையில் இருக்கட்டும்.

உஃபிசியை நான்காம் நாளுக்கு வைத்தது வேண்டுமென்றேதான். அங்கே நூறு அறை நடந்து கண் மரத்துப்போனால் மற்ற எதுவும் ஏறாது. அதற்குள் உங்களுக்கு ஆட்கள் பழகியிருப்பார்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். சிமாபுவே, துச்சோ, ஜொத்தோ மூன்று பேரும் வரைந்த பெரிய மாதா படங்கள் ஒரே அறையில் இருக்கின்றன. ஜொத்தோவின் மாதாவுக்கு மட்டும் முழங்கால் இருக்கிறது, உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்பலாம். அப்புறம் போட்டிச்செல்லி, லியனார்டோவின் மங்களவார்த்தை, மைக்கலாஞ்சலோவின் வட்டப் படம், கீழே வரும்போது காரவாஜ்யோ, அர்தெமீசியா. போதும். இதெல்லாம் இன்றும் ஊரிலேயே இருப்பதற்குக் காரணம் ஒரு பெண்மணி. மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா, 1737இல் புது ஆட்சியாளர்களோடு ஒப்பந்தம் எழுதும்போது குடும்பத்தின் கலைப்பொருள் எதுவும் நகரை விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டார்.

நேரமிருந்தால் சான் லொரென்சோவில் மைக்கலாஞ்சலோவின் நூலக மாடிப்படி. சாந்தா குரோச்சேயில் அவருக்கும் கலிலியோவுக்கும் கல்லறை. தாந்தேக்கு இருப்பது வெறும் நினைவுச்சின்னம், உடல் ரவென்னாவில். பித்தி அரண்மனையை விட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை உஃபிசியும் அகாடெமியாவும் விடுமுறை. மற்றவற்றுக்கு நாளும் நேரமும் மாறி மாறி வரும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், அதனாலேயே அன்று போக வேண்டாம். ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். முகவரி தேடும்போது ஒரு குழப்பம் வரும்: கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண், இரண்டும் தனித்தனி வரிசை. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் சிவப்பு எண்ணைத் தேடுங்கள்.

பீசாவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான்கு நாளில் வேண்டாம். ஊரை விட்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் 7ஆம் எண் பேருந்தில் ஃபியேசொலே போங்கள். ரோமானிய அரங்கம் ஒன்று இருக்கிறது, குன்றின் மேலிருந்து ஃபுளோரன்ஸ் முழுக்கத் தெரியும், அரை நாளில் திரும்பிவிடலாம்.